மலையகத்தில் ரெட்ரோ பைக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டகலைப் பக்கம் ஒரு 350 சீசீ ரெட்ரோ பைக் ஓட்டுகிறேன். பெற்றோல் ஷெட்டில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், இரண்டு பேராவது பக்கத்தில் வந்துவிடுவார்கள். "அண்ணே, எத்தன சீசீ?" என்று ஆரம்பிக்கும். பிறகு மேட்டில் இழுக்குமா, பார்ட்ஸ் கிடைக்குமா, ஒயில் ஒழுகுமா என்று போகும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. ஐந்து வருடம் பழைய பைக்கையே தட்டித் தட்டி ஓட்டியவர்களுக்குப் புது வண்டியைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். ஷெட்டில் நின்று சொல்லி முடிக்காததையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

என் வண்டி எந்தக் கம்பனி என்று எழுதப்போவதில்லை. ஒரு வண்டியில் வந்த கோளாறை வைத்து ஒரு கம்பனியை எடை போடுவது சரியில்லை.

ரெட்ரோ என்றால் பழைய பைக்கா?

இல்லை. தோற்றம்தான் பழசு. உருண்டை ஹெட்லைட், கண்ணீர்த்துளி போன்ற டேங்க், நிமிர்ந்து உட்காரும் சீட். உள்ளே இருப்பதெல்லாம் இந்தக் காலத்து என்ஜின், பெற்றோலை அளந்து தெளிக்கும் ஃபியூவல் இன்ஜெக்ஷன், பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ்.

இன்று அதிகம் பேசப்படுபவை: ரோயல் என்ஃபீல்டின் கிளாசிக் 350, புல்லட் 350, ஹண்டர் 350, மீட்டியோர் 350, ஹொண்டாவின் சீபீ350, பஜாஜ் இந்தியாவில் செய்யும் ட்ரயம்ஃப் ஸ்பீட் 400, ஜாவா, சின்ன அளவில் கவாசாகி டபிள்யூ175, யமஹா எக்ஸ்எஸ்ஆர்155.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த உருவம் புதிதில்லை. தோட்டத்து உதவி அதிகாரியான சின்னதுரை பைக்கில் மலை சுற்றி வந்த காலத்தை வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். வண்டிச் சத்தம் இரண்டு வளைவுக்கு அப்பால் கேட்கும்போதே கங்காணி குரலை உயர்த்திவிடுவாராம். அந்தச் சத்தத்துக்குப் பயந்தவர்களின் பேரன்தான் இன்று அதே உருவத்தில் ஒன்றை லீசிங்கில் எடுத்து லயத்து வாசலில் நிறுத்துகிறான். எனக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம் உண்டு, மறைக்கவில்லை.

ஓட்டிப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்?

வயதைப் பொறுத்துப் பேச்சு மாறுகிறது.

ஐம்பது தாண்டியவர்கள், அதுவும் ஒரு காலத்தில் பழைய புல்லட்டைத் தொட்டவர்கள், ஸ்டார்ட் செய்தவுடன் முகத்தைச் சுளிக்கிறார்கள். "சத்தம் எங்கடா?" என்பதுதான் முதல் கேள்வி. பழைய என்ஜின் அடிக்கிற அடியில் ஹேண்டில், ஃபுட்ரெஸ்ட், கண்ணாடி எல்லாம் நடுங்கும். புதிய 350இல் அதிர்வைக் குறைக்க பேலன்ஸர் ஷாஃப்ட் இருக்கிறது. கண்ணாடியில் பின்னால் வரும் பஸ்ஸின் நம்பரை வாசிக்கலாம். அவர்களுக்கு அது முன்னேற்றமாகத் தெரியவில்லை, உயிர் போனதாகத் தெரிகிறது.

இருபதுகளில் இருப்பவர்களின் குறை நேர்மாறானது. "350 சீசீ என்று சொல்கிறார்கள், ஸ்பீட் எங்கே?" 200 சீசீ ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டியவன் கிளாசிக்கில் ஏறினால் ஏமாந்துதான் போவான். புதிய என்ஃபீல்ட் 350இன் வலு 20 குதிரைவலுதான். இது ஓடுவதற்குச் செய்த வண்டி இல்லை, போவதற்குச் செய்த வண்டி.

நடுவில் இருக்கும் எங்கள் வயதுக்காரர்கள்தான் திருப்தியாக இருக்கிறோம் என்று நினைக்கிறேன். அவசரம் இல்லை, முதுகுவலி உண்டு.

எல்லோரும் சேர்ந்து சொல்லும் குறை ஒன்று: பாரம். கிளாசிக் 195 கிலோ, மீட்டியோர் 191, ஹண்டர் 181, சீபீ350உம் கிட்டத்தட்ட அதே அளவு. ஓடும்போது இந்தப் பாரம் தெரியாது. ஆனால் லயத்துக்குப் போகும் கல்பாதையில், மழையில், ஏற்றத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது தெரியும். வாங்குமுன் ஷோரூமில் ஓட்டிப் பார்ப்பதைவிட, வெளியே சரிவில் வைத்து இறங்கி நின்று பின்னால் தள்ளிப் பாருங்கள். அங்கேயே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும்.

இன்னொன்று ஹண்டரின் பின் சஸ்பென்ஷன். 2022இல் வந்தபோது, பள்ளத்தில் விழுந்தால் இடுப்பில் அடிக்கிறது என்று ஓட்டியவர்கள் சொன்னார்கள். 2025 மொடலில் பின் ஸ்பிரிங்கை மாற்றினார்கள். தரையிலிருந்து உயரத்தையும் 150 மில்லிமீற்றரிலிருந்து 160க்குக் கூட்டினார்கள், கிளச்சையும் இலேசாக்கினார்கள். பழைய ஹண்டர் ஒன்று கைக்கு வந்தால் எந்த வருடத்து வண்டி என்று கேட்காமல் விலை பேசாதீர்கள்.

"என்ஃபீல்ட் என்றால் ஒயில் ஒழுகும்" என்கிறார்களே, உண்மையா?

இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்பவரை நம்பாதீர்கள். எந்த என்ஜின் என்று முதலில் கேட்க வேண்டும்.

புல்லட் என்ற பெயர் 1932இலிருந்து இருக்கிறது. இங்கிலாந்தில் செய்தது. 1955இல் சென்னையில் வேலை தொடங்கியது. பிறகு இங்கிலாந்துக் கம்பனி மூடிவிட்டது, சென்னைத் தொழிற்சாலை மட்டும் அதே வண்டியைச் செய்துகொண்டே இருந்தது. அந்தப் பழைய என்ஜினின் சிலிண்டர் வார்ப்பிரும்பு. என்ஜின் தனி, கியர்பெட்டி தனி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அது ஒயில் ஒழுகியது உண்மைதான். ஒழுகாவிட்டால் உள்ளே ஒயில் இல்லை என்று அர்த்தம் என்று கராஜ் பாஸ்மார் பகிடி விடுவார்கள்.

2008, 2009 வாக்கில் என்ஜினையும் கியர்பெட்டியையும் ஒரே கூட்டில் வைத்த புது என்ஜின் வந்தது. ஒழுகல் பெருமளவு குறைந்தது, அதிர்வு மட்டும் போகவில்லை.

மூன்றாவதுதான் இப்போது இருப்பது. ஜே சீரிஸ் என்பார்கள். 2020 நவம்பரில் மீட்டியோரில் வந்தது, 2021 செப்டெம்பரில் கிளாசிக்கில், 2022 ஓகஸ்டில் ஹண்டரில், 2023 செப்டெம்பரில் புல்லட்டில். 349 சீசீ. பழைய என்ஜினோடு இதற்கு உறவு பெயரளவில்தான். ஆகவே மாமா 1985இல் பட்ட பாட்டை வைத்து 2025 வண்டியைத் தீர்மானிக்க வேண்டாம். இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் மட்டும் இந்த மூன்று தலைமுறையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். டேங்க்கில் எழுதியிருக்கும் பெயர் ஒன்றாக இருக்கலாம், உள்ளே இருப்பது வேறு.

அப்படியென்றால் புது என்ஜினில் பிரச்சினையே இல்லையா?

இருக்கிறது, ஆனால் இடம் மாறிவிட்டது. முன்பு கோளாறு இரும்பில் வந்தது, இப்போது வயரில் வருகிறது.

2021 மே மாதம் ரோயல் என்ஃபீல்ட் 2,36,966 வண்டிகளைத் திருப்பி அழைத்தது. கிளாசிக், புல்லட், மீட்டியோர் மூன்றிலும் சில மாதங்களில் செய்த வண்டிகள் (அப்போது புது என்ஜின் மீட்டியோரில் மட்டும்தான் இருந்தது). காரணம் ப்ளக்குக்கு மின்பொறி கொடுக்கும் இக்னிஷன் கொயில். அது கெட்டால் என்ஜின் தடுமாறும், வலு குறையும். பத்தில் ஒன்றுக்கும் குறைவான வண்டிகளுக்குத்தான் கொயில் மாற்ற வேண்டிவரும் என்று கம்பனி சொன்னது. அதே வருடக் கடைசியில் இன்னொரு 26,300 கிளாசிக்கை, பின்பக்க டிரம் பிரேக்கோடு சேர்ந்த ஒரு பிராக்கெட்டுக்காக அழைத்தார்கள்.

"அதனால்தான் ஹொண்டா வாங்கச் சொல்கிறேன்" என்று இங்கே ஒருவர் சொல்வார். ஹொண்டாவும் 2023 டிசம்பரில் இந்தியாவில் சீபீ350 வண்டிகளை பிரேக் லைட் சுவிட்சுக்காகத் திருப்பி அழைத்தது. திருப்பி அழைப்பது கெட்ட செய்தி இல்லை. குறையைக் கண்டுபிடித்து இலவசமாகச் சரிசெய்து தருகிறார்கள். எங்களுக்குச் சிக்கல் வேறு: இரண்டாம் கை வண்டி வாங்கும்போது அந்த வேலை செய்தாச்சா என்று யாரும் கேட்பதில்லை. செசி நம்பரைக் குறித்துக்கொண்டு போய் ஏஜென்டிடம் கேளுங்கள்.

மேட்டில் இழுக்குமா?

இழுக்கும். ஆனால் கடைக்காரர் காட்டும் தாளில் இருக்கிற வலு உங்களுக்குக் கிடைக்காது.

உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். என்ஜினுக்குள் போகும் காற்றும் அந்த அளவு குறையும், வலுவும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். கொழும்பில் 20 குதிரைவலு கொடுத்த வண்டி நுவரெலியாத் தபால் நிலையத்துக்கு முன்னால் 16தான் கொடுக்கும். இது எல்லாக் கம்பனிக்கும் பொது. வண்டியில் கோளாறு என்று கராஜுக்கு ஓட வேண்டாம்.

கார்பரேட்டர் வண்டிக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. காற்று குறைந்தாலும் அது பெற்றோலைக் குறைக்காது. ப்ளக் கறுத்துப்போகும், புகை வரும். இன்ஜெக்ஷன் வண்டி காற்றழுத்தத்தை அளந்து பெற்றோலைத் தானே குறைத்துக்கொள்கிறது. பழைய தோற்றத்துக்காகப் பழைய கார்பரேட்டர் வண்டியையே தேடி அலைபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ரெட்ரோ 350களுக்கு மலையில் ஒரு நன்மை இருக்கிறது: இழுவை கீழேயே கிடைக்கிறது. என்ஃபீல்ட் 350இல் என்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும்போது 27 நியூட்டன் மீற்றர் இழுவை, ஹொண்டா சீபீ350இல் 3,000 சுற்றில் 30. கினிகத்தேனையிலிருந்து வட்டவளை வரும் ஏற்றத்தில் முன்னால் ஒரு லொறி ஊர்ந்தால், மூன்றாவது கியரிலேயே அதன் பின்னால் நிதானமாக வரலாம். அடிக்கடி கியர் மாற்றி இடது கை நோகாது. ட்ரயம்ஃப் ஸ்பீட் 400 வேறு குணம். 40 குதிரைவலுவுக்குக் கிட்ட, 37.5 நியூட்டன் மீற்றர். ஆனால் அது மேல் சுற்றில்தான் முழுதாக வரும். திறந்த ரோட்டில் அது ராஜா. பள்ளிக்கூட வானுக்குப் பின்னால் ரம்பொடை ஏறும்போது எனக்கு ஹொண்டாவின் குணம்தான் பிடிக்கும்.

இறக்கத்தில்?

ஏற்றத்தைப் பற்றி நூறு பேர் கேட்கிறார்கள், இறக்கத்தைப் பற்றி ஐந்து பேர்தான். ஆனால் ஆபத்து இறக்கத்தில்தான்.

200 கிலோ வண்டி, ஓட்டுகிறவர், பின்னால் ஒருவர், மரக்கறிப் பை. 350 கிலோவைத் தாண்டிவிடும். நுவரெலியாவிலிருந்து ரம்பொடை இறங்கும்போது பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் கொதிக்கும், பிரேக் ஒயிலும் கொதிக்கும், லீவர் மெத்தென்று உள்ளே போகும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கிளச்சைப் பிடித்து உருட்டிக்கொண்டு வருவதால் மிச்சமாகும் பெற்றோல் ஒரு பிளேன்டிக்குக்கூடக் காணாது. பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். எங்கள் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்?

விலை குறைந்த வகைகளில் பின்னால் டிரம் பிரேக்கும், முன்னுக்கு மட்டும் ஏபிஎஸ்ஸும் வரும். பணம் இருந்தால் இரண்டு பக்கமும் டிஸ்க், இரண்டு பக்கமும் ஏபிஎஸ் இருப்பதை எடுங்கள். நிறத்துக்கும் குரோமுக்கும் கூடுதலாகக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுக்கலாம்.

மழை பட்டால் என்ன ஆகும்? துரு பிடிக்குமா?

பிடிக்கும். ரெட்ரோ பைக் என்றாலே குரோம். குரோம் என்றாலே துடைக்கிற வேலை.

ஹட்டன், வட்டவளை, மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருடக் கடைசியில் வடகீழ்ப் பருவமழை. உப்புக் காற்று எங்களுக்கு இல்லை, அந்த விதத்தில் கொழும்பு, காலிக்காரர்களைவிட அதிர்ஷ்டசாலிகள். ஆனால் வண்டி காய்வதே இல்லை. ஜூன் மாதத்தில் துவைத்த சட்டையே மூன்று நாள் கொடியில் கிடக்கும், போல்ட் எப்படிக் காயும்? முதலில் துரு பிடிப்பது சைலன்சர் இணையும் இடம், கம்பி வீலின் கம்பித் தலைகள், ஸ்டாண்ட் ஸ்பிரிங், டேங்க் மூடியின் ஓரம். மெல்லிய ஒயிலைத் துணியில் நனைத்து வாரம் ஒருதரம் துடைத்தால் போதும். தார்ப்பாயால் இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள், உள்ளே வியர்க்கும். மேலே கூரை, பக்கங்கள் திறந்திருக்க வேண்டும்.

துருவைவிட எனக்குத் தொல்லை கொடுத்தது சேறு. போன வருடம் ஜூனில் நுவரெலியாவிலிருந்து வந்துகொண்டிருந்தேன். நானுஓயா தாண்டிக் கொஞ்ச தூரம், கொட்டும் மழை. வண்டி ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டது. லைட் எரிகிறது, ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, கியர் போட்டால் நிற்கிறது. ஷோரூமுக்கு அழைத்தால், "வண்டியை இங்கே கொண்டுவாங்க" என்றார்கள். நிற்கிற வண்டியை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டேன், லைன் கட்டாகிவிட்டது. அந்த வழியாக வந்த ஒரு த்ரீவீல்காரத் தம்பி இறங்கி வந்து பார்த்தார். சைட் ஸ்டாண்டைக் காலால் இரண்டு தட்டுத் தட்டி, தண்ணீர்ப் போத்தலால் அதன் அடியைக் கழுவினார். வண்டி ஓடியது.

விஷயம் இதுதான். ஸ்டாண்ட் கீழே இருந்தால் கியர் போட்டவுடன் என்ஜினை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று அங்கே இருக்கிறது. சேறு அடைத்தால் ஸ்டாண்ட் மேலே இருந்தாலும் கீழே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். இது எல்லாக் கம்பனி வண்டியிலும் வரக்கூடியது. வண்டி கழுவும்போது அந்த இடத்தைக் கழுவுங்கள். ஆனால் சேர்விஸ் ஸ்டேஷன்காரர் உயர் அழுத்தத் தண்ணீரை டேங்க்குக்கு அடியிலும் ஹேண்டில் சுவிட்சுகளிலும் அடிக்க விடாதீர்கள். மழை செய்யாத சேதத்தை அந்தக் குழாய் செய்துவிடும்.

பற்றரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா? கிக்கர் இருக்கிறதா?

புதிய கிளாசிக்கில் கிக்கர் கிடையாது. பழைய வண்டிக்காரர்கள் இதைக் கேட்டு அதிர்ந்துபோகிறார்கள்.

மலையில் இருப்பவனுக்குச் சரிவு ஒரு இலவச ஸ்டார்ட்டர் என்று நாம் பழகிவிட்டோம். பழைய ஹொண்டா எம்டி90இல் இரண்டாவது கியர் போட்டு உருட்டினால் ஓடிவிடும், பற்றரியே இல்லாமல். இன்ஜெக்ஷன் வண்டியில் பெற்றோலை அனுப்பும் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது. பற்றரி கொஞ்சம் பலவீனமென்றால் உருட்டி ஸ்டார்ட் செய்யலாம். முழுதாகச் செத்துவிட்டால் மலையடிவாரம் வரைக்கும் உருட்டினாலும் ஓடாது. ஜனவரிக் குளிரில் நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் காலையில் பற்றரி இன்னும் சோர்ந்துபோகும். வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்கள் ஒரு சின்னச் சார்ஜர் வாங்கி வையுங்கள்.

பார்ட்ஸ் கிடைக்குமா? யாரிடம் காட்டுவது?

நம்பிக்கைக்குரிய வண்டியா என்று கேட்கிறவர்கள் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கோளாறு வராத வண்டி இல்லை. வந்தால் எத்தனை நாள் வண்டி நிற்கும் என்பதுதான் கணக்கு.

ஹட்டனில் பல்சருக்கு கிளச் கேபிள் கேட்டால் மூன்று கடையில் கிடைக்கும். ரெட்ரோ 350க்குக் கேட்டால் கடைக்காரர் கொழும்புக்கு ஃபோன் எடுப்பார். அங்கே பஞ்சிகாவத்தைப் பார்ட்ஸ் கடைகளில் இருந்தால் பஸ்ஸில் பார்சல் போடச் சொல்லலாம், அடுத்த நாள் கைக்கு வரும். அங்கேயும் இல்லையென்றால் ஏஜென்டிடம் ஓடர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். எனக்கு ஒரு ரப்பர் சீலுக்கு மூன்று வாரம் போனது. சீலின் விலை ஒரு சோற்றுப் பார்சலின் விலை.

அதனால் வாங்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். கிளச் கேபிள், பிரேக் பேட், எயார் ஃபில்டர், கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பெயாரிங்), செயின் ஸ்ப்ரொக்கெட் இந்த ஐந்தின் விலையையும், கையில் இருக்கிறதா என்பதையும் ஏஜென்டிடம் கேளுங்கள். சிரித்து மழுப்பினால் அந்த வண்டியின் உண்மையான விலை உங்களுக்குத் தெரிந்துவிட்டது. கோன் செட்டை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். எங்கள் தோட்டத்து ரோட்டில் பாரமான வண்டிக்கு முதலில் தேய்வது அதுதான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் போட்டுப்போன பாதைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உள்ளூர் பாஸிடம் காட்டலாமா என்றால், காட்டலாம். ஒயில் மாற்ற, செயின் இறுக்க, பிரேக் பேட் போட அவர் போதும். சென்சர், வயரிங் என்று வந்தால் கோளாறு பார்க்கும் கருவி வேண்டும், அது இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். என் பாஸ் முப்பது வருடம் வேலை செய்தவர். ஒருநாள் என் வண்டியின் வயர்க் கட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எனக்கு விளங்காது, நான் தொட மாட்டேன்" என்றார். அன்றிலிருந்து அவரிடம் மரியாதை கூடியது. விளங்காமலே வெட்டி ஒட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

கம்பி வீலா, அலோய் வீலா?

அழகுக்குக் கம்பி, மலைக்கு அலோய். கம்பி வீல் வரும் வகைகளில் பெரும்பாலும் ட்யூப் டயர். இரவு எட்டு மணிக்கு ரதெல்லப் பாதையில் பஞ்சர் ஆனால், 190 கிலோ வண்டியின் பின் சக்கரத்தைக் கழற்றி ட்யூபை வெளியே எடுக்க யார் வருவார்? ட்யூப் இல்லாத டயரென்றால் ஆணியோடு மெதுவாக டவுன் வரைக்கும் வந்துவிடலாம்.

உயரம் குறைந்தவர்கள், பெண்கள் ஓட்ட முடியுமா?

சீட் உயரம் கிளாசிக்கில் 805 மில்லிமீற்றர், மீட்டியோரில் 765. மீட்டியோரில் கால் நன்றாக ஊன்றும். உயரத்தைவிடப் பாரம்தான் பழக வேண்டியது. தலவாக்கலைப் பக்கம் ஒரு டீச்சர் 350 ஓட்டுகிறார், என்னைவிட நன்றாக வளைவு எடுப்பார். லைசன்ஸ் விஷயம் மட்டும் பாருங்கள்: 100 சீசீ வரைதான் ஏ1, அதற்கு மேல் ஏ வகுப்பு வேண்டும். ஸ்கூட்டிக்கு எடுத்த லைசன்ஸில் எந்த வகுப்பு இருக்கிறது என்று பார்த்துவிட்டு வண்டியில் ஏறுங்கள்.

பெற்றோல் எவ்வளவு குடிக்கும்?

மலையில் என் கணக்கு லீற்றருக்கு 30 கிலோமீற்றர், கூடினால் 32. டேங்க் 13 லீற்றர். 2022இல் கியூஆர் கோட்டுக்கு வாரம் நான்கு லீற்றர் என்று வரிசையில் நின்றவர்களுக்கு இது பெரிய கணக்காகத் தெரியும். 100 சீசீ வண்டி இதில் இரண்டு மடங்கு ஓடும். என்ஃபீல்ட் 350இன் அமுக்க விகிதம் 9.5தான், 92 ஒக்டேன் போதும். 95 போட்டால் வண்டி வேகமாகாது, பர்ஸ்தான் மெலியும்.

சைலன்சர் மாற்றி பழைய புல்லட் சத்தம் வரவைக்கலாமா?

வேண்டாம். பொலிஸ் பிடிக்கும், புகைப் பரிசோதனையிலும் இழுபடும். அதைவிட முக்கியம், லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு. இரவு பத்து மணிக்கு நீங்கள் வண்டி நிறுத்தும்போது பக்கத்து வீட்டுக் குழந்தை எழும்பினால், காலையில் தண்ணீர்ப் பீலியடியில் உங்கள் வீட்டு அம்மாதான் பேச்சு வாங்குவார்.

எம்டி90, சீடி125 விற்றுவிட்டு இதை எடுக்கலாமா?

விற்காதீர்கள். காலையில் பால் கொண்டுபோக, கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போக, ஒற்றையடிப் பாதையில் ஏற அந்த வண்டிக்கு ஈடில்லை. தினமும் சாமான் ஏற்றி வேலை வாங்க ஒரே ஒரு வண்டிதான் வைத்திருக்க முடியும் என்றால், என் யோசனை 125 அல்லது 150 சீசீ சாதாரண வண்டி. ரெட்ரோ 350 டவுனில் வேலை, பிரதான வீதிப் பயணம், மாதம் ஒருதரம் கண்டி, பண்டாரவளை என்று ஓடுபவருக்கு. இதைச் சொன்னால் ஷெட்டில் நிற்கும் தம்பிகள் என்னைப் பொறாமைக்காரன் என்று நினைக்கிறார்கள்.

லீசிங்கில் எடுப்பது சரியா?

மாதக் கட்டணத்தோடு இன்சூரன்ஸ், சேர்விஸ், வருடா வருடம் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஒரு மாதம் வண்டி பார்ட்ஸுக்காக நின்றாலும் கட்டணம் நிற்காது. இரண்டு மாதக் கட்டணம் கையில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பின்னால் வீட்டுக்காரியை ஏற்றிக்கொண்டு போக வசதியா?

மாடலைப் பொறுத்தது. சிலவற்றில் பின்சீட் ஒரு பிஸ்கட் அளவுதான். கிளாசிக்கில் சில வகைகளுக்கு ஒற்றைச் சீட்தான் வரும், பின்சீட்டைத் தனியாகப் போட வேண்டும். ஷோரூமுக்குத் தனியாகப் போகாதீர்கள். அவரையும் கூட்டிப்போய், சேலையோடு ஒருபக்கமாக உட்கார வைத்து, கால் வைக்க இடமும் பிடிக்கக் கம்பியும் இருக்கிறதா, சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க காட் பொருத்த முடியுமா என்று பாருங்கள். இரண்டாவது ஹெல்மெட்டையும் அன்றே வாங்கிவிடுங்கள். நான் வாங்கிய அன்று என் வீட்டுக்காரி ஐந்து நிமிடம் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கம்பி இல்லாட்டி நான் பஸ்ஸிலயே வாறேன்" என்று இறங்கிவிட்டார். கம்பி பொருத்தி முடிய ஒன்றரை மணித்தியாலம் ஆனது, அதுவரைக்கும் பக்கத்துக் கடையில் ரொட்டி சாப்பிட்டோம்.